படுத்திருப்பவருக்கும் பசிக்கும்

உடலின் வரவு செலவு – 9

மூட்டை தூக்குபவரும் நாற்று நடுபவரும் ஆற்றலை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், எந்த வேலையும் செய்யாமல் கிடக்கும் உடலைப் பார்ப்போம்.

அதிகாலை. விழிப்பு வந்துவிட்டது, எழுந்திருக்கவில்லை. கடைசியாகச் சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. அறையில் குளிருமில்லை, புழுக்கமுமில்லை. மனம் அமைதியாக இருக்கிறது. இந்த நிலையில் உடல் செலவிடும் ஆற்றலைத்தான் அடிப்படை வளர்சிதை மாற்றம் என்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள நடுவயது ஆணுக்கு இது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,400 கலோரி. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1,100 முதல் 1,200 வரை. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு வரை இதற்கே போய்விடும்.

இதை முதலில் அளக்க முயன்றவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லவாய்சியர். 1782-83 குளிர்காலத்தில் அவரும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் ஒரு கினிப் பன்றியை வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் உருகிய நீரை நிறுத்துப் பார்த்தார்கள். கரி எரிவதும் உயிர் மூச்சு விடுவதும் ஒரே வகை நிகழ்வு என்று அவர்களுக்குப் பிடிபட்டது. சில ஆண்டுகள் கழித்து, லவாய்சியரின் உதவியாளர் செகன் தாமே முகமூடி அணிந்து சோதனைக்கு உட்கார்ந்தார். அவர் பசியோடு அசையாமல் இருந்தபோதும் ஆக்சிஜன் செலவாகிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டதும் அது கூடியது, உழைத்ததும் இன்னும் கூடியது. அந்த ஆய்வுக் காட்சியை லவாய்சியரின் மனைவி மரி-ஆன் வரைந்து வைத்திருக்கிறார். 1794இல் புரட்சி அரசு லவாய்சியரின் தலையை வாங்கியது. அவர் தொடங்கிய கணக்கு நிற்கவில்லை.

அசையாத உடலில் அவ்வளவு ஆற்றலும் எங்கே போகிறது?

மூளையின் எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆனால் ஓய்வுநிலைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய அதே அளவு கல்லீரலுக்கும் போகிறது. இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. சிறுநீரகங்கள் தினமும் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியைத் திரும்ப இரத்தத்துக்கே அனுப்புகின்றன. எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே அதிகம் செலவழிப்பவை இதயமும் சிறுநீரகங்களும்தான். ஓய்ந்திருக்கும் தசை ஒரு கிலோவுக்கு 13 கலோரி அளவில் நின்றுகொள்கிறது. கொழுப்புக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை.

இன்னும் நுணுகிப் பார்த்தால் செல்லின் சவ்வுக்கு வந்து சேர்வோம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்த யென்ஸ் ஸ்கோவ், 1957இல் அங்கே ஒரு நொதியைக் கண்டறிந்தார். அது ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதற்காக அவருக்கு 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஓய்வுநிலைச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு வேலையே விழுங்கிவிடுகிறது. இது நின்றால் நரம்பு சேதி கடத்தாது. செல்லுக்குள் நீர் ஏறி அது வீங்கிவிடும். பழைய புரதங்களைச் சிதைத்துப் புதியவற்றைக் கட்டும் வேலையும் ஓயாமல் நடக்கிறது. ஆகவே இந்தச் செலவில் வீண் என்று ஒன்றுமே கிடையாது. உயிரோடிருப்பதன் விலை இது.

இந்த விலையைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியில் வாடிய ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறிய அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம்தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரங்களுக்கு அவர்களின் உணவு பாதியாகக் குறைக்கப்பட்டது. எடையில் நான்கில் ஒரு பங்கு போனது. ஓய்வுநிலைச் செலவோ ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது. நாடி மந்தமானது, கோடையிலும் குளிரெடுத்தது. வரவு குறைந்ததும் உடல் தன் தசையைக் கரைத்தது, சூட்டைக் குறைத்தது, அப்படித்தான் உயிரைக் காத்துக்கொண்டது.

நம் வீடுகளில் வயதானவர்கள், "சும்மாதானே உட்கார்ந்திருக்கேன், எனக்கெதுக்கு மூணு வேளை சாப்பாடு?" என்று சொல்லும்போது எனக்கு மனம் பதறுவது இதனால்தான். 60 வயதுக்குப் பிறகு உடலின் செலவு குறைவது உண்மையே. ஹெர்மன் பான்ட்சரும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட, 6,400க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த கட்டுரையின்படி, அந்தக் குறைவு ஆண்டுக்கு 0.7 சதவீதம்தான். ஒரு வேளைச் சாப்பாட்டையே விட்டுவிடும் அளவுக்கு அது பெரிதல்ல. காய்ச்சல் வந்தாலோ சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போது செலவு பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. அந்த நாட்களில் வெறும் கஞ்சித் தண்ணீரை மட்டும் கொடுத்துப் படுக்க வைத்தால், குறைகிற ஆற்றலுக்குத் தசைதான் ஈடு கொடுக்க வேண்டியிருக்கும். இழந்த தசையை எழுபது வயதில் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

கஞ்சியோடு பாசிப்பருப்பைச் சேர்த்து வேகவையுங்கள். மோர், முட்டை, குழைந்த பருப்புச் சாதம் என்று எது இறங்குகிறதோ அதைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது முதியவர்களுக்கு வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யட்டும். உழைப்பவருக்கு மட்டும்தான் சோறு என்ற கணக்கை உடல் ஏற்பதில்லை. வீட்டில் நாமும் அந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

அடுத்த வாரம்: ஓய்வுநிலைச் செலவைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல தைராய்டு சுரப்பி.