இடம் எட்டு, மெடல் இருபத்துநான்கு

அரை மாரத்தான் ஓடி முடித்தவர் கடந்திருப்பது 21.0975 கிலோமீட்டர். அதற்குக் கழுத்தில் விழும் மெடலின் எடையைத் தராசு இல்லாமலே சொல்லிவிடலாம். 7 செ.மீ. விட்டம், 3 மி.மீ. கனம் என்றால் கன அளவு 11.5 க.செ.மீ. துத்தநாகக் கலவையில் வார்த்தது என்பதால் 77 கிராம் வரும். ரிப்பனோடு சேர்த்து 95 என்று வைத்துக்கொள்வோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தின் எடை 529 கிராம். ரிப்பனைக் கழித்தால், நம் மெடல்கள் ஏழு சேர்ந்தால்தான் அதை எட்டும்.

தாம்பரம், சிட்லபாக்கம், சேலையூர் பக்கத்தில் ஓடுகிறவர் ஒருவருக்கு ஆண்டுக்கு எத்தனை சேரும்? ஜனவரியில் சென்னை ரன்னர்ஸ் நடத்தும் சென்னை மாரத்தான். அதில் 42.195, 32.186, 21.0975, 10 கி.மீ. என நான்கு பிரிவு இருந்தாலும் ஓடப்போவது ஒன்றுதான். அடுத்து ட்ரீம் ரன்னர்ஸின் அரை மாரத்தான். இன்னும் இரண்டு சின்ன ஓட்டம். ஆக நான்கு. ஆறு வருடத்தில் 24 மெடல், 2.28 கிலோ. பதிவுக் கட்டணம் சராசரி 1,000 ரூபாய் என்றால் செலவு 24,000.

இந்த 24ஐ மாட்டத்தான் ஒரு கம்பி வேண்டும். இரண்டடிக் கம்பி என்பது 60 செ.மீ. மெடலின் அகலத்தை வைத்து வகுத்தால் எட்டுதான் கொள்ளும். ரிப்பனின் அகலமான 2.5 செ.மீட்டரால் வகுத்தால் 24 கொள்ளும். ஆனால் அப்படி நெருக்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூன்றில் ஒன்றுதான் முகம் காட்டும். இதற்கு வழி ஊக்கில் இருக்கிறது. முதல் மெடலை அப்படியே தொங்கவிடுங்கள், 45 செ.மீ. இறங்கும். அடுத்ததன் பின்பக்க ரிப்பனை 8 செ.மீ. மடித்து ஊக்குப் போட்டால் 37இல் நிற்கும். மூன்றாவதை 16 செ.மீ. மடித்தால் 29. நான்காவது மறுபடி 45. இப்போது ஒரே உயரத்தில் உள்ள மெடல்களுக்கு இடையே 7.5 செ.மீ., வரிசைக்கு வரிசை 8 செ.மீ. மெடலோ 7தான். இருபத்துநான்கும் முழுசாகத் தெரியும்.

செலவுக்கு வருவோம். கடைக்குக் கடை விலை மாறும், கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொள்கிறேன். ஸ்டீல் கர்ட்டன் ராட் இரண்டடி 160, பிராக்கெட் ஜோடி 120, ஸ்க்ரூவும் கிரிப்பும் 20, டிரில் போடுபவர் கூலி 300. மொத்தம் 600, மெடலுக்கு 25 ரூபாய். பதிவுக் கட்டணத்தில் 2.5 சதவீதம். ஓடுகிற ஆள் உருவம் வெட்டிய ரெடிமேட் ஹேங்கர் 900 என்றால், கூலியோடு 1,200. பலவற்றில் இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு சாண்கூட இருக்காது. மேல்கம்பி மெடல்கள் கீழ்வரிசையை மறைத்துவிடும். கண்ணாடிப் பெட்டி 12க்கு 18 அங்குலத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு அடுக்கினால், 15 மெடல் பிடிக்கும். பெட்டி 2,000, நமக்கு இரண்டு வேண்டும். மெடலுக்கு 167 ரூபாய். அழகுதான், ஆனால் ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் தங்கினால் ரிப்பன் பூஞ்சணம் பிடிக்கும்.

2021இல் சைதாப்பேட்டை எம்.எல்.ஏ.வாகத் தேர்வாகி மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூறு அரை மாரத்தான்களுக்கு மேல் ஓடியவர். ஓட்டத்துக்கு ஒரு மெடல் என்று நூற்றுக்குக் கணக்குப் போட்டாலும் 9.5 கிலோ, கம்பி நீளம் 250 செ.மீ. பத்தடிச் சுவர் ஒன்றே அவருக்கும் போதும்!

எடை பிரச்சினையே இல்லை, பூச்சுதான் பிரச்சினை. உள்சுவர்ப் பூச்சு பொதுவாக 12 மி.மீ. பிராக்கெட் கனம் 3 மி.மீ. போனால் ஓர் அங்குல ஸ்க்ரூ செங்கலுக்குள் இறங்குவது 10 மி.மீ.தான், ஒரு நாள் பிள்ளைகள் இழுத்தால் கையோடு வரும். இரண்டு அங்குலம் கேளுங்கள். டிஸ்டம்பர் அடித்த சுவரில் ஒட்டுக் கொக்கி வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் நிற்கும், பிறகு நகக்கண் அளவு பெயிண்ட் செதிலோடு விழும். மழையில் ஊறும் வெளிச்சுவரை விட்டுவிட்டு, அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஆறடி உயரத்தில் கம்பி வையுங்கள். அடி மெடல் நாலேகால் அடியில் நிற்கும்.

மெடல் மங்கினால் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே இருப்பது மெல்லிய முலாம். அது போனால் புளிப்பு துத்தநாகத்தை அரித்துவிடும். உலர்ந்த துணியே போதும்.

வாடகை வீடு என்றால் டிரில் போடுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டு பிராக்கெட்டின் துளைகளுக்காக அட்வான்ஸில் ஆயிரம் ரூபாய் பிடித்தால், மெடலுக்கு 25 ரூபாய் என்றது 67 ஆகிவிடும்.