போன பூச்சி திரும்பி வந்தது எப்படி?

சகோதரிகளே, சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்தத் தொல்லை வராமலா போகிறது?

எட்டு வயதான என் கடைசிப் பெண் ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுவாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், வெள்ளை நூல் துண்டு மாதிரி நெளிகிறது. கீரிப்பூச்சி! "மிட்டாயாத் தின்னா வேற என்ன வரும்?" என்றார் மாமியார். பிப்ரவரி 10-ம் தேதி, குடற்புழு நீக்க நாளன்று பள்ளிக்கூடத்தில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தார்கள். அரிப்பு நின்றது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே அழுகை.

எங்கள் திண்டுக்கல்லிலேயே ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். "மாத்திரை மேலே குத்தமில்லைம்மா. உங்க பொண்ணு தனக்குத்தானே பூச்சியை ஊட்டிக்கிறா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெண் பூச்சி ராத்திரியில் வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். அதனால்தான் அரிப்பு. சொறிந்தால் முட்டைகள் நகத்தடியில் ஏறிக்கொள்ளும். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் அவை தொற்றத் தயார். விடிந்ததும் விரல் வாய்க்குப் போனால், உள்ளே போய்ப் பொரித்து, சுமார் ஒரு மாதத்தில் வளர்ந்து மறுபடி முட்டை! மாத்திரை பூச்சியைக் கொல்லும். முட்டையை ஒன்றும் செய்யாது. துணியிலும் பாயிலும் அது இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு கிடக்கும். அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை மாத்திரை போட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில். (கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.)

மிட்டாய் பூச்சியை உண்டாக்காதாம். கழுவாத விரல்தான் காரணம்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளில்தான் போர்வை துவைப்பேன். இந்த முறை அந்த நாளையே மாத்திரை நாளாக வைத்துக்கொண்டேன். போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து, வெந்நீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் போட்டேன். பெண்ணுக்கு ராத்திரி இறுக்கமான ஜட்டி. எழுந்ததும் குளியல், ஜட்டியும் அப்போதே மாற்று. வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் அத்தை சண்டைக்கு வருவார், அதனால் வியாழக்கிழமையே வெட்டிவிட்டேன்.

அத்தை மட்டும், "எனக்கு எதுக்குடி மாத்திரை?" என்று முரண்டு பிடித்தார். "பேத்தி யார் பக்கத்துல படுக்கிறா அத்தை?" என்றேன். பேசாமல் கையை நீட்டினார்.