இன்சுலின்: வலிக்காத இடத்தைக் கவனியுங்கள்

இன்சுலினைத் தாங்களே போட்டுக்கொள்பவர்கள் தாதியான என்னிடம் முதலில் கேட்பது, ஊசி போட்ட இடம் சிவந்து கடிப்பதைப் பற்றித்தான். பெரும்பாலும் அது சில நாட்களில் அடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்தவுடன் போடாமல் சற்றுப் பொறுத்துப் போட்டால் எரிவு குறையும். ஸ்பிரிட் பூசினால் காயவிடுங்கள். போட்டபின் தேய்க்க வேண்டாம். சிவப்புப் பரவிச் சூடேறினாலோ சீழ் கட்டினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். உடலெங்கும் தடித்து மூச்சுத் திணறினால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எனக்குக் கவலை தருவது வலிக்காத இடம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் குத்தினால் தோலின் கீழ் கொழுப்புத் திரண்டு கட்டியாகும். அங்கே வலி குறைவு என்பதால் பலர் அந்த இடத்தையே தேடிப் போடுகிறார்கள். ஆனால் கட்டிக்குள் போன இன்சுலின் இரத்தத்தில் சீராகச் சேராது. சீனி ஏறும், மருந்தின் அளவும் கூடும். விலைக்குப் பயந்து ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பாவிப்பதும் கட்டிக்கு ஒரு காரணம்.

ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே கட்டி இருந்தால், வைத்தியரிடம் அளவைக் கேட்டுக்கொண்டே நல்ல தோலுக்கு மாறுங்கள். பழைய அளவு அங்கே முழுதாக வேலை செய்து, சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். மாறிய முதல் நாட்களில் சீனியை அடிக்கடி பரிசோதியுங்கள்.