'அம்மாணை' என்னும் சொல் வந்த வழி

அல்சூர் மார்க்கெட்டில் என் கடைக்கு வரும் பையன் ஒருவன், "அம்மாணை, திங்கக்கிழமை குடுத்துடுறேன்ணே" என்றான். பற்று எழுதிக்கொண்டேன். சொல் மட்டும் மனசிலேயே நின்றுவிட்டது.

'அம்மா ஆணை' என்பதே பேச்சில் 'அம்மாணை' ஆயிற்று. பக்கத்துக் கடைக் கன்னடக்காரர் 'அம்மனாணெ', 'தேவராணெ' என்பார். இரண்டிலும் ஆணை ஒன்றேதான். வடமொழி 'ஆஜ்ஞா' பிராகிருதத்தில் 'ஆணா' ஆகி நம் மொழிகளுக்கு வந்தது என்பர் அறிஞர். கட்டளை என்பதே அதன் முதற்பொருள். எங்கள் சமண ஆகமங்களில் 'ஆணா' என்றால் ஜினர் கட்டளை. சோழர் கல்வெட்டுகளிலும் 'திருவாணை' வருகிறது. கட்டளையிடும் பெரியவர் பேரைச் சொல்லி உறுதி கூறவே, ஆணை சபதமும் ஆயிற்று. பழந்தமிழ் 'சூள்' பேச்சில் மறைந்தது.

'மெய்யாலுமே' என்கிறோமே, அந்த 'மெய்'க்கு உடம்பு, உண்மை இரண்டும் பொருள். 'நிஜம்' வடமொழியில் 'தன்னுடையது'. இன்றைய பிள்ளைகள் 'மதர் ப்ராமிஸ்' என்கிறார்கள். மொழி மாறினாலும் அம்மாவை விட்டபாடில்லை!

இல்லறத்தார்க்குச் சமணம் விதித்த ஐந்து அணுவிரதங்களில் வாய்மை இரண்டாவது. அதை ஏற்றவனுக்குத் தினம் ஒரு சத்தியம் தேவையில்லை. 1969ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டமும், கடவுள் பேரைச் சொல்லாமல் உறுதி மட்டும் கூற இடம் தருகிறது.

அந்தப் பையன் புதன்கிழமைதான் வந்தான், பாதிப் பணத்தோடு. மீதிக்கும் "அம்மாணை" என்று ஆரம்பித்தான். "அம்மாவை இழுக்காதேப்பா, தேதியைச் சொல்லு, போதும்" என்றேன். யோசித்துத்தான் சொன்னான். அந்தத் தேதியில் பணம் வந்தது.