வக்கீல் சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது?

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணுக்குப் பணிக்கொடை வரவில்லை. பாலாற்றங்கரை விவசாயிக்குக் கிணற்று நீர் கெட்டுப்போனதற்கான இழப்பீடு வந்து சேரவில்லை. இருவரும் முதலில் தேடிப் போவது ஒரு வக்கீலை. வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வக்கீலே ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. பலருக்கு அது தெரியாததால் தவறு செய்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

சங்கம் வேறு, கவுன்சில் வேறு

நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வழக்கறிஞர் சங்கம், வக்கீல்கள் தங்கள் நலனுக்காகச் சேர்ந்து நடத்துவது. தேசிய அளவிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. ஆனால் ஒருவரின் தொழில் உரிமையைப் பறிக்க எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் கிடையாது.

அந்த அதிகாரம் பார் கவுன்சிலுக்கு மட்டுமே உண்டு. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தால் உருவான அமைப்பு அது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் வக்கீல்களைப் பதிவு செய்கிறது. அவர்கள் மீதான புகாரை விசாரிக்கிறது. டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சில் நாடு முழுவதற்குமான நடத்தை விதிகளை வகுக்கிறது. சட்டக் கல்வியின் தரத்தைக் கவனிக்கிறது. அகில இந்திய பார் தேர்வை நடத்துகிறது. மாநிலக் கவுன்சில்களின் ஒழுங்கு நடவடிக்கை முடிவுகள் மீதான மேல்முறையீட்டைக் கேட்கிறது.

பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பல மாநிலக் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிவந்தன. சட்டம் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிலாளி வீட்டுப் பிள்ளை கறுப்பு அங்கி போட நினைத்தால், இந்தத் தீர்ப்பு அவருக்குப் பெரிய உதவி.

கட்சிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

வழக்கில் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் தனக்கு என்று வக்கீல் பேரம் பேசக் கூடாது. இந்திய பார் கவுன்சிலின் விதி அதைத் தடுக்கிறது. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி உங்கள் வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. குறிப்பிட்ட ஒருவருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று சங்கங்கள் தீர்மானம் போடுவதும் செல்லாது. கோவை வழக்கறிஞர் சங்கத்தின் அப்படியொரு தீர்மானம் தொடர்பான வழக்கில் 2010-இல் வந்த தீர்ப்பு இது.

தோல் வழக்கு சொல்லும் பாடம்

இந்த விதிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஆம்பூர், வேலூர் வட்டாரமே சாட்சி. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலமும் நீரும் கெட்டதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்திருந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, இன்று நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. மன்றத்துக்காக வாதாடிய எம்.சி.மேத்தாவைப் பாராட்டிய நீதிபதிகள், அவருக்கு 50,000 ரூபாயைத் தமிழக அரசே கொடுக்க உத்தரவிட்டார்கள்.

இழப்பீடு குறித்த ஆணைகள் 2001-இலும் 2009-இலும் வந்தன. பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தலைமுறை தாண்டி இழுக்கும் இப்படிப்பட்ட வழக்கில் வக்கீல் விலை போனாலோ அசட்டையாக இருந்தாலோ கட்சிக்காரரின் வாழ்வே போய்விடும். ஊரே ஒரு தொழிலை நம்பியிருக்கும் இடத்தில், முதலாளிக்கு எதிராகவும் அஞ்சாமல் நிற்கும் வக்கீல் வேண்டும். முதலாளிக்கும் தன் தரப்பைச் சொல்ல நேர்மையான வக்கீல் வேண்டும். இரண்டையும் காப்பதுதான் பார் கவுன்சிலின் வேலை.

புகார் கொடுக்கும் முறை

வக்கீலின் பெயர், பதிவு எண், நடந்தது என்ன என்பவற்றை எழுதி, ரசீது, கடிதம் போன்ற ஆதாரங்களுடன் மாநில பார் கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டும். புகாரில் முகாந்திரம் இருந்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். தவறு உறுதியானால் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். ஓராண்டுக்குள் விசாரணை முடியாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலிலும், அதற்குப் பின் உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வழக்கு தோற்றது மட்டுமே வக்கீலின் குற்றமாகாது. வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது.

வக்கீல் வைக்கப் பணமில்லையா?

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. நம் பகுதியின் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இது முழுமையாகப் பொருந்தும். உங்கள் வட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

வக்கீலை அமர்த்தும் நாளிலேயே அவருடைய பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். நல்ல வக்கீல் இதற்குக் கோபப்பட மாட்டார்.