இரட்டையாய் வருவன

கண் இரண்டு, காது இரண்டு, கை இரண்டு. வாசலில் செருப்பு இரண்டு. பாண்டுப் நிலையத்தில் நாம் நாள்தோறும் ஏறும் லோக்கல் வண்டிக்கும், 1,676 மில்லிமீட்டர் இடைவெளியில் கிடக்கும் இரண்டு தண்டவாளங்களே துணை. எண்ணிப் பார்த்தால் எல்லாம் இரண்டுதான். ஆனால் இரட்டை எல்லாம் ஒரே வகை அல்ல.

நம் இலக்கணமே இதைப் பிரித்துக் காட்டுகிறது. 'பாம்பு பாம்பு' என்று கத்தினால் அது அடுக்குத்தொடர். ஒன்றை நீக்கினாலும் மற்றது பொருள் தரும். 'சலசல' என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது.

அறிவியலிலும் இவ்விரு வகைகளையும் காணலாம். சிறுநீரகம் அடுக்குத்தொடர் போன்றது. ஒன்றைத் தானம் செய்தவர் மற்றொன்றோடு நலமாக வாழ்கிறார். காந்தம் இரட்டைக்கிளவி போன்றது. வடமுனையைத் தனியாக எடுக்க எண்ணி இரண்டாக உடைத்தால், ஒவ்வொரு துண்டிலும் இரு முனைகளும் வந்து நிற்கும்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. இதில் இரண்டும் வேறு வேறு. ஆனால் ஒன்றுக்கு மற்றது துணை. 220, 284 என்ற எண்களைப் பாருங்கள். 220-ஐ மீதியின்றி வகுக்கும் எண்களில் 220-ஐ விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 284 வரும். 284-க்கும் அவ்வாறே செய்தால் 220 வரும். இவற்றுக்கு 'நட்பு எண்கள்' என்று பெயர். பிள்ளைகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

1953-ல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட டி.என்.ஏ. அமைப்பும் இத்தகையதே. ஓர் இழையில் அடினின் இருந்தால் எதிரே தைமின். குவானின் இருந்தால் எதிரே சைட்டோசின். ஓர் இழை பழுதுபட்டால், எதிர் இழையைப் பார்த்து உயிரணு அதைச் சரிசெய்துகொள்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் பயன் என்பதில்லை. நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை தூரத்தை அளக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், புரியும்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. "பள்ளியில் மராத்தி, இந்தி, இங்கிலீஷ் எல்லாம் படிக்கிறான். வீட்டில் தமிழ் வேறு எதற்கு ஸார்? குழம்பிவிட மாட்டானா?" என்று நம் பகுதிப் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். மொழியை அவர்கள் அடுக்குத்தொடராக எண்ணுகிறார்கள். ஒன்று இருந்தால் போதும் என்கிறார்கள். எனக்கோ அது கண்ணைப் போன்றதாகத் தோன்றுகிறது.

மரத்தின் இலைகள் காற்றில் அசையும் ஓசையை மராத்தியில் 'சளசள' என்பார்கள். தமிழில் அது 'சலசல'. நமக்குச் 'சளசள' என்றால் ஓயாத பேச்சு! இரு மொழியும் அறிந்த பிள்ளைக்குத்தான் இதைக் கேட்டுச் சிரிக்க முடியும். ஒரு மொழி மட்டும் அறிந்தவனுக்கு இந்த வேடிக்கை எட்டாது.

மராத்தியைப் பள்ளியும் தெருவும் சொல்லிக்கொடுத்துவிடும். பெரும்பாலான நம் பிள்ளைகளுக்குத் தமிழைச் சொல்லிக்கொடுக்க வீட்டை விட்டால் வேறு இடமில்லை. நாமும் நிறுத்திவிட்டால், ஊரிலிருக்கும் பாட்டி தொலைபேசியில் பேசும்போது பேரன் "ம்" கொட்டுவதோடு சரி.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு விளையாட்டு வையுங்கள். படபட, கலகல, மினுமினு என்று பிள்ளைகள் பத்து இரட்டைக்கிளவிகள் சொல்லட்டும். ஒவ்வொன்றுக்கும் மராத்தியில் ஒரு சோடி தேடட்டும். கிடைப்பதை எழுதி வையுங்கள். கிடைக்காததைப் பக்கத்து வீட்டு ஆஜியிடம் கேட்கச் சொல்லுங்கள்.