பெருவிரலுக்கு ஒரு பொத்தான்

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்புறத்தே, 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சிங்கராஜ வனத்தில், செவ்வலகும் நீல மேனியும் உடைய, இலங்கைக்கே உரிய பறவையொன்று கிளையிடுக்கில் வந்தமரும் அந்த க்ஷணத்தில், கமெராவின் பொத்தானைப் பாதி அமுக்கி நின்றவர்கள், குவியம் பறவையை விட்டு முன்னே அசையும் ஈர இலைக்குத் தாவிவிடும் வேதனையை நன்கறிவர்.

இது ஏன் நிகழ்கிறது? பாதி அமுக்கத்தில் குவியமும் ஒளியளவும் ஒருங்கே தொடங்க, முழு அமுக்கத்தில் படம் பதிவதாக, ஒரே பொத்தானில் மூன்று காரியங்கள் பிணைக்கப்பட்டிருப்பதே காரணம். ஆனால் பொத்தான் அனுப்புவது வெறும் மின்சமிக்ஞையே. அதற்கு அர்த்தம் கற்பிப்பது உள்ளிருக்கும் நுண்கணினி. ஆதலால் அர்த்தத்தை மாற்றலாம். 1989இல் கனொன் நிறுவனம் தன் ஈஓஎஸ் 630 கமெராவில், குவியப் பணியைப் பின்புறப் பொத்தானுக்கு மாற்றிக்கொள்ள வழிசெய்தது. பெருவிரல் அமுக்கியிருக்கும்வரை குவியம் பறவையைத் தொடரும். விரலை எடுத்தால் அவ்விடத்திலேயே நிலைக்கும், இலை எத்தனை அசைந்தாலும்!

ஒளியளவின் கதை வேறு. எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே ஒளிமானி அனுமானிப்பதால், தேயிலைச் சரிவில் கவிந்த வெண்பனிமூட்டம் படத்தில் மங்கிய சாம்பலாகிவிடுகிறது. அதே வெளிச்சத்தில் நிற்கும் பச்சைத் தேயிலைச் செடியை முதலில் அளந்து, ஒளியளவைப் பூட்டும் பொத்தானை அமுக்கியவாறே கமெராவைப் பனியை நோக்கித் திருப்பினால், வெண்மை வெண்மையாகவே பதியும்.